நீரின் பெயர் அறிந்தோர்: ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியத்தில் நீர்

மேற்கு ஆஸ்திரேலியாவின் வடபகுதியில், ஆங்கில வரைபடங்கள் 'கிரேட் சாண்டி' என்று குறிக்கும் பெருமணற் பாலைவனம் விரிந்து கிடக்கிறது. செம்மணற் குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக, இணைகோடுகளாக, கண்ணுக்கெட்டும் தூரம் வரை ஓடும் நிலம் அது. வற்றாத ஆறு என்று அங்கே ஒன்றும் இல்லை. ஏரி என்று பெயர் பெற்றவை பெரும்பாலும் உப்புப் படுகைகள். அந்நிலத்தின் மக்களுள் ஒரு பிரிவினரான வால்மஜாரி இனத்தார் தம் மொழியில் நீருக்கு நுட்பமான சொற்களை வைத்திருக்கின்றனர். மழைக்குப் பின் சில காலம் ஊறிப் பின்னர் வற்றிப்போகும் மணலூற்றுக்கு 'ஜுமு' என்று பெயர். எக்காலத்தும் வற்றாத ஊற்றுக்கு 'ஜிலா' என்று பெயர்.

ஜிலாவைக் காணச் செல்லும் அயலார் பெரும்பாலும் ஏமாற்றமே அடைவர். அங்கே சில புதர்கள் இருக்கும், ஆழமற்ற ஒரு பள்ளம் இருக்கும், அவ்வளவே. மணலைத் தோண்டினால்தான் நீர் சுரக்கும். இடம் அறிந்தவருக்கு அது உயிர். அறியாதவர் அதன்மேலேயே நடந்து சென்று தாகத்தால் மடியக்கூடும். நீருக்கும் சாவுக்கும் இடையே அங்கே நிற்பது அறிவு ஒன்றுதான். அந்த அறிவு ஏட்டில் எழுதப்படவில்லை. பாட்டிலும், ஆட்டத்திலும், மணலில் விரலால் இழுத்த கோட்டிலும் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டது.

ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் ஓவியத்தில் நீர் பெறும் இடத்தைப் புரிந்துகொள்ள இந்த மணற்பள்ளமே நல்ல தொடக்கம். இன்று உலகின் பெரிய கலைக்கூடங்களில் தொங்கும் புள்ளி ஓவியங்களைக் காண்போர் வண்ணத்தின் அழகில் மயங்குகின்றனர். வட்டங்களையும் வளைகோடுகளையும் அலங்காரம் என எண்ணிக்கொள்கின்றனர். வரைந்தவருக்கோ அந்த வட்டம் ஒரு குறிப்பிட்ட நீர்நிலை. அதற்குப் பெயர் உண்டு. அதைப் படைத்த முன்னோர் உண்டு. அதைப் பாடும் உரிமையுடைய குடும்பம் உண்டு. நீரை வரைதல் என்பது அம்மக்களிடையே, 'இந்நீர் எமக்குத் தெரியும். இந்நீருக்கு எம்மைத் தெரியும்' என்று கூறும் சான்றுரை.

'இந்நீருக்கு எம்மைத் தெரியும்' என்பது வெறும் உருவகமாகச் சொல்லப்பட்டதன்று. ஜிலாவில் 'கல்புர்த்து' எனும் நாக வடிவினர் வாழ்வதாக அம்மக்கள் கருதுகின்றனர். மழையை அனுப்புவோர் அவர்களே. குர்தால், கனிங்கரா, பபார்த்தா எனப் புகழ்பெற்ற ஜிலாக்கள் உண்டு. இப்பெயர்கள் இடப்பெயர்களாகவும் ஆட்பெயர்களாகவும் ஒருங்கே வழங்குகின்றன. படைப்புக் காலத்தில் இவர்கள் மனிதராக நடந்து திரிந்து, மழையை உண்டாக்கி, பாட்டும் சடங்கும் வகுத்து, பயண முடிவில் நாகமாக மாறி அந்தந்த நீருக்குள் புகுந்துகொண்டனர் என்பது தொன்மம். ஆகவே ஜிலாவை அணுகுவோர் ஓசையின்றிச் செல்வதில்லை. தொலைவிலிருந்தே குரல் கொடுத்துத் தாம் இன்னார் என்று அறிவிப்பர். உடன் புதியவர் வந்தால் அவரை நீருக்கு அறிமுகம் செய்து வைப்பர். அறிமுகம் இன்றி நெருங்குவோர்மீது நாகம் சீறும் என்பது நம்பிக்கை.

இத்தகைய தொன்மங்களைக் குறிக்க ஆங்கிலத்தில் 'ட்ரீமிங்' என்ற சொல் நிலைத்துவிட்டது. அதனைத் தமிழில் 'கனவு' என்று எழுதினால் பொருள் சிதைந்துவிடும். மேற்குப் பாலை மொழிகளில் 'ஜுகுர்பா' எனப்படுவது உறக்கத்தில் தோன்றும் காட்சியைக் குறிப்பதன்று. முன்னோர் நிலத்தில் நடந்து நிலத்தை உருவாக்கிய காலம், அவர்கள் விட்டுச் சென்ற சட்டம், அச்சட்டம் இன்றும் செயற்படும் நிலை ஆகிய மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கியது அது. எனவே 'நீர் ஜுகுர்பா' என்று ஓர் ஓவியத்துக்குப் பெயர் இருந்தால், அதில் கதையும் நிலப்படமும் சட்டமும் ஒன்றாக உறைகின்றன எனக் கொள்ள வேண்டும்.

இக்கலை புது வடிவம் பெற்ற வரலாறு பப்புன்யாவில் தொடங்குகிறது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குடியிருப்பு அது. பின்டுபி, லுரித்ஜா, வார்ல்பிரி முதலிய பல மொழியினர் தத்தம் நிலங்களிலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்டு அங்கே குவிக்கப்பட்டிருந்தனர். 1971-இல் அங்குப் பள்ளி ஆசிரியராக வந்த ஜெஃப்ரி பார்டன், குழந்தைகள் மணலில் கோடிழுத்துக் கதை சொல்வதைக் கண்டார். அவர் தந்த ஊக்கத்தால் பெரியவர்கள் பள்ளிச் சுவரில் தேனெறும்புத் தொன்மத்தை வரைந்தனர். தொடர்ந்து, கிடைத்த பலகைத் துண்டுகளிலெல்லாம் வரையத் தொடங்கினர். 1972-இல் ஓவியர்களே உரிமையாளராக அமைந்த 'பப்புன்யா டுலா' நிறுவனம் உருவாயிற்று. மணலிலும் உடலிலும் வரையப்பட்டு, சடங்கு முடிந்ததும் அழிந்துபோன கோலங்கள் அழியாத வண்ணத்தில் நிலைபெற்றது அப்போதுதான்.

தம் நிலத்தைப் பிரிந்து வாழ்ந்த அம்மனிதர்கள் திரும்பத் திரும்ப வரைந்தவற்றுள் நீர் முதன்மையானது. அவர்கள் கையாண்ட குறிகள் மிகச் சில. ஒன்றனுள் ஒன்றாக அமைந்த வட்டங்கள் நீர்நிலையைக் குறிக்கும். அவற்றை இணைக்கும் நேர்கோடு முன்னோர் நடந்த வழி. நெளிகோடு ஓடும் நீராகலாம், மின்னலாகவும் ஆகலாம். சிறு கீற்றுகள் மழைத்தாரை. ஒரே குறி ஓரிடத்தில் நீரையும் பிறிதோரிடத்தில் தங்கிய குடிலையும் குறிக்கும். எது எதுவென்பது, உடன் பாடப்படும் பாட்டை அறிந்தவருக்கே விளங்கும். பாட்டில்லாமல் படம் பாதிதான். சொற்களை மிகக் குறைத்துப் பொருளைப் பெருக்க முயலும் கவிஞர்க்கு இந்த முறையில் எண்ணிப் பார்க்க நிறைய உண்டு.

பப்புன்யா ஓவியர்களுள் ஜானி வாரங்குலா ஜுப்புருலா மழைத் தொன்மத்துக்கு உரியவர். ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே நெடுந்தொலைவிலுள்ள கலிபின்பா எனும் இடம் அவருடைய ஓவியங்களின் உயிர்நிலை. படைப்புக் காலத்தில் பெரும் புயல் ஒன்று மின்னலும் இடியுமாக அங்கே இறங்கிற்று என்பர். அவர் 1972-இல் வரைந்த 'கலிபின்பாவில் நீர்' எனும் படம், புள்ளிமேல் புள்ளி அடுக்கிய நுண்மையால் பேர்பெற்றது. மழை பெய்யும் கணம் மட்டும் அதில் இல்லை. மழை நிலத்தில் இறங்குவதும், பள்ளங்களில் தேங்குவதும், அதனால் காட்டுப்பழச் செடிகள் தழைப்பதும் அடுக்கடுக்காக ஒரே பரப்பில் தெரிகின்றன. ஒரு மழையின் முழு வாழ்வையும் ஒரு பலகையில் அவர் அடக்கினார்.

நீரை அறிந்தவரிடமிருந்து அந்த அறிவைப் பறிக்க முயன்ற வரலாறும் இந்நிலத்துக்கு உண்டு. பாலை ஓவியங்களில் காணப்படும் சில வட்டங்களின் துயரம் அதை அறிந்தால்தான் புரியும். 1906-இல் ஆல்ஃபிரட் கானிங் என்ற நில அளவையாளர், மாட்டு மந்தைகளை வடக்கிலிருந்து தெற்கே ஓட்டிச் செல்ல ஒரு வழி காணப் பாலைக்குள் புகுந்தார். ஹால்ஸ் கிரீக்கிலிருந்து வைலூனா வரை சுமார் 1,850 கிலோமீட்டர். வழிநெடுக மாடுகளுக்கு நீர் வேண்டும். நீர் இருக்குமிடம் அங்கு வாழ்ந்தோர்க்கே தெரியும். கானிங் குழுவினர் எதிர்ப்பட்ட பாலைவாசிகளைப் பிடித்துக் கழுத்தில் சங்கிலியிட்டு, நீரிடம் காட்டுமாறு நடத்திச் சென்றனர். குழுவின் சமையற்காரரே இதைக் கண்டித்து முறையிட்டார். 1908-இல் விசாரணை ஆணையம் அமர்ந்தது. கானிங் குற்றமற்றவர் என்று அது தீர்ப்பளித்தது.

பின்னர் 1908 முதல் 1910 வரை அவ்வழியில் கிணறுகள் வெட்டப்பட்டன. அவற்றுள் பல, பழைய ஊற்றுகளின் மேலேயே அமைந்தன. கையால் தோண்டிப் பருகிய மணலூற்று, மரச்சட்டமிட்ட ஆழ்கிணறாயிற்று. மாட்டுக்கு நீரிறைக்கச் செய்த வாளியும் உருளையும் தனியொரு குடும்பத்தால் இயக்கவியலாத கனமுடையவை. பெயர் பெற்ற நீர்கள் எண் பெற்ற கிணறுகளாயின. ஒரு நீரின் பெயரை எடுத்துவிட்டு அதற்கு எண் கொடுப்பது எத்தகைய செயல் என்பதைச் சொல்லோடு வாழ்வோர் எளிதில் உணர்வர். 2010-இல் கான்பெரா நகரின் தேசிய அருங்காட்சியகத்தில் அவ்வழியைப் பற்றிய 'யிவாரா குஜு' எனும் கண்காட்சி நடைபெற்றது. 'ஒரே வழி' என்பது அத்தொடரின் பொருள். அங்கு வைக்கப்பட்ட ஓவியங்களில் கானிங்கின் நேர்வழி சிறுத்துப்போயிற்று. அதைக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிச் செல்லும் முன்னோர் வழிகளும், பழைய பெயரோடு கூடிய நீர்களும் மேலெழுந்து நின்றன.

அந்த மீட்சியின் மிகப் பெரிய எடுத்துக்காட்டு 'ஙுரரா' எனும் ஓவியம். ஙகரம் சொல்லுக்கு முதலாக வருவது தமிழில் மிக அரிது. அப்பாலை மொழிகளிலோ அது இயல்பாக வருகிறது. 'ஙுரரா' என்றால் தம் ஊர், தம் நாடு என்று பொருள்.

1992-இல் ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் மாபோ வழக்கில் ஒரு பெருந்தீர்ப்பு வழங்கியது. வெள்ளையர் வருமுன் அம்மண் உரிமையாளர் அற்ற வெற்று நிலமாகக் கிடந்தது என்ற சட்டப் புனைவு அதனால் வீழ்ந்தது. 1993-இல் தொல்குடி நிலவுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் உரிமை கோருவோர் அந்நிலத்தோடு தமக்குள்ள தொடர்பை மெய்ப்பிக்க வேண்டும். பெருமணற் பாலையின் வால்மஜாரி, வங்கஜுங்கா, மங்கலா, ஜுவாலினி மக்களிடம் பட்டாவோ பத்திரமோ இல்லை. முதியோர் பலர் ஆங்கிலத்தில் வழக்குரைக்க இயலாதவர்கள். அவர்களுள் பெரும்பாலோர் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாலையை விட்டு வடக்கே பண்ணைகளுக்கும் ஃபிட்ஸ்ராய் கிராசிங் போன்ற ஊர்களுக்கும் வந்துவிட்டவர்கள். 'அங்கு இல்லாதவர் அந்நிலத்துக்கு எப்படி உரியவர்?' என்பதே அவர்கள் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி.

அவர்கள் கண்ட விடை ஓவியம். 1997-இல் பாலையின் விளிம்பிலுள்ள பிர்னினி எனும் இடத்தில் எட்டு மீட்டருக்குப் பத்து மீட்டர் அளவுள்ள கான்வாஸ் துணி தரையில் விரிக்கப்பட்டது. நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்களும் பெண்களும் அதைச் சூழ்ந்தும் அதன்மேல் அமர்ந்தும் வரைந்தனர். ஒவ்வொருவரும் தத்தம் குடும்பத்துக்குரிய நீரை, அது நிலத்தில் இருக்கும் இடத்துக்கேற்பத் துணியில் வரைந்தனர். பிறர் நீரை எவரும் தீண்டவில்லை. எல்லை எங்கே முடிகிறது, அடுத்தவர் நீர் எங்கே தொடங்குகிறது என்பது வரையும்போதே தெளிவாயிற்று. நிலவுரிமைத் தீர்ப்பாயத்தார் அங்கு வந்தபோது, ஓவியர் ஒருவர்பின் ஒருவராகத் துணியின்மேல் தம் நீரின் மீது போய் நின்று, தம் தாய்மொழியிலேயே பேசினர். அந்த இடத்தில் ஓவியம் வழக்கின் சாட்சியாயிற்று.

பத்தாண்டுக் காத்திருப்புக்குப் பின், 2007 நவம்பர் 9 அன்று 75,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நிலத்தின்மீது அம்மக்களின் தொல்லுரிமையைக் கூட்டாட்சி நீதிமன்றம் ஏற்றது. ஓர் ஓவியம் மட்டுமே அத்தீர்ப்பைப் பெற்றுத் தந்தது என்று சொல்வது மிகையாகும். ஆய்வும் பேச்சுவார்த்தையும் வழக்கறிஞர் உழைப்பும் அதில் உண்டு. ஆயினும் நீரின் பெயர்களை வரிசையாக, பிழையின்றி, உரியவர் வாயாலேயே சொல்ல வைத்த களம் அந்தத் துணிதான். வரைந்தோருள் பலர் தீர்ப்பைக் கேட்க உயிருடன் இல்லை என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

பாலை நீரின் கதை இவ்வாறிருக்க, வடகிழக்கே ஆர்னெம் நிலக் கரையில் கடல்நீரும் இதே வழக்கை நடத்தியது. அங்கு வாழும் யோல்ஙு மக்கள் யூக்கலிப்டஸ் மரப்பட்டையில் வரைபவர்கள். மழைக்காலத்தில் மரத்தில் சாறு ஏறியிருக்கும்போதே பட்டை எளிதில் உரியும். அதை நெருப்பில் வாட்டித் தட்டையாக்கி, காவிமண், வெள்ளைக்களிமண், கரி ஆகியவற்றால் வரைவர். மனித மயிரால் ஆன நுண்தூரிகையால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் இழைக்கும்போது பரப்பு முழுதும் மினுமினுக்கிறது. அந்த மினுக்கத்துக்கு 'பிர்யுன்' என்று பெயர். முன்னோரின் ஆற்றல் அதில் வெளிப்படுவதாக அவர்கள் கருதுகின்றனர்.

யோல்ஙு மக்களுக்குக் கடல் என்பது ஒரே பரப்பன்று. ஆற்றின் நன்னீர், கழிமுகத்தின் கலங்கல் நீர், கரையோர அலை, ஆழ்கடலின் நீரோட்டம் என ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. உரிய குலமும் உண்டு. ஒவ்வொரு குலத்துக்கும் வழிவழியாக வந்த கோலம் உண்டு. வைரவடிவக் கட்டங்களின் நீளமும் கோணமும் கண்டே இது எக்குலத்து நீர் என்று அறிந்தோர் சொல்லிவிடுவர். ஒரு குலத்தார் பிற குலத்தின் கோலத்தைத் தம் விருப்பப்படி வரைய முடியாது. நன்னீரும் உவர்நீரும் கூடி நுரைக்கும் இடத்தை அவர்கள் 'கன்மா' என்பர். இருவேறு அறிவு மரபுகள் தம் தனித்தன்மை கெடாமல் சந்திப்பதற்கும் அதே சொல்லையே உவமையாக்கிக் கல்விக் கொள்கை வகுத்தனர்.

இம்மக்கள் ஓவியத்தால் வழக்குரைப்பது புதிதன்று. 1963-இல் தம் நிலத்தில் பாக்சைட் சுரங்கம் அமைவதை எதிர்த்து யிர்கலா ஊரினர் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய விண்ணப்பம், குலக்கோலங்கள் சூழ்ந்த மரப்பட்டையில் ஒட்டப்பட்டிருந்தது. சுரங்கம் நிற்கவில்லை. 1971-இல் வழக்கும் தோற்றது. ஆனால் வரைவதை அவர்கள் நிறுத்தவில்லை.

1996-இல் புளூ மட் விரிகுடாவை ஒட்டிய கராங்கலி எனும் புனித இடத்தில், இசைவின்றி மீன்பிடிக்க வந்தோர் தங்கிச் சென்ற கூடாரத் தடம் ஒன்று தென்பட்டது. அங்கே வெட்டுண்ட முதலைத் தலை ஒன்று சாக்கில் கிடந்தது. அவ்விடம் 'பாரு' எனும் முதலை முன்னோரின் இருப்பிடம். தம் தெய்வத்தின் வீட்டில் நடந்த இச்செயலுக்கு அக்கரை மக்கள் அளித்த மறுமொழி வன்முறையாக வெளிப்படவில்லை. மதர்பா குலத்தைச் சேர்ந்த ஜம்பாவா மராவிலி முதலியோர் முன்னின்றனர். பல குலங்களைச் சேர்ந்த 47 ஓவியர் சேர்ந்து 80 மரப்பட்டைகளில் தத்தம் கடலின் சட்டத்தை வரைந்து வெளியிட்டனர். அறியாமல் செய்தவர் இனியாவது அறியட்டும் என்பதே அதன் நோக்கம். 'உவர்நீர்' எனும் பெயரில் ஆஸ்திரேலிய நகரங்களில் காட்டப்பட்ட அப்பட்டைகள் இன்று சிட்னியிலுள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் உள்ளன.

2008 ஜூலை 30 அன்று உயர்நீதிமன்றம் புளூ மட் விரிகுடா வழக்கில் தீர்ப்பளித்தது. பழங்குடி நிலத்தை ஒட்டி, ஓதம் ஏறி இறங்கும் எல்லைக்குள் இருக்கும் நீரும் அந்நில உரிமைக்குள் அடங்கும் என்றது. அரசு தந்த மீன்பிடி உரிமம் ஒன்றைக் காட்டி, உரியவர் இசைவின்றி அந்நீருக்குள் நுழைய முடியாது என்பது அதன் விளைவு. வட ஆட்புலத்துக் கடற்கரையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டுக்கு இத்தீர்ப்பு பொருந்தியது. பட்டையில் வரைந்த கோடும் நீதிமன்றம் வரைந்த கோடும் அன்று நெருங்கி வந்தன.

ஓவியத்துக்கும் நீருக்கும் உள்ள கடமையை இன்னும் பழைய வடிவில் காட்டுவது கிம்பர்லிப் பகுதியின் வஞ்ஜினா மரபு. பாறைக் குகைகளில் பெரிய கண்களோடும், தலையைச் சுற்றி மேகமும் மின்னலும் போன்ற வட்டத்தோடும் நிற்கும் உருவங்கள் அவை. மழையின் தலைவர்கள். அவர்களுக்கு வாய் வரைவதில்லை. வாய் இருந்தால் மழை நிற்காமல் கொட்டிக்கொண்டே இருக்கும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. உரிய குலத்தார் காலந்தோறும் அவ்வுருவங்களின்மேல் வண்ணம் பூசிப் புதுப்பித்தனர். புதுப்பித்தால்தான் மழை தவறாது என்று கருதினர். பழமையைத் தொடாமல் காப்பதே பாதுகாப்பு என்று அருங்காட்சியக மரபு கூறும். தொட்டுத் தொட்டு உயிர்ப்பிப்பதே பாதுகாப்பு என்று வஞ்ஜினா மரபு கூறும். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவில் டானி ஊலகூஜா வடிவமைத்த மாபெரும் வஞ்ஜினா எழுந்தபோது உலகமே அதைக் கண்டது. அம்முகம் மழைக்குக் கட்டுப்பட்ட ஒரு குலத்தின் கடமை என்பதை எத்தனை பேர் அறிந்திருப்பர்?

வழிவழி வந்த ஓவியக் குறிகள் இல்லாத இடத்திலும் நீரின் நினைவு வரைய வைத்துவிடும் என்பதற்குச் சாலி கபோரி சான்று. கார்ப்பென்டேரியா வளைகுடாவில் பென்டிங்க் தீவில் பிறந்தவர் அவர். அத்தீவின் கயாடில்ட் மக்கள் 1948-இல் வறட்சியாலும், தொடர்ந்து கடல் பொங்கிக் குடிநீர் உவர்ப்பானதாலும் அண்டைத் தீவின் மிஷன் குடியிருப்புக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஏறத்தாழ எண்பது வயதில், 2005-இல்தான் சாலி கபோரி தூரிகையைத் தொட்டார். மீன்பிடிக்கக் கல்லடுக்கிய கரைகள், கழிமுகங்கள், உப்புப் படுகைகள், தம் தந்தையின் இடம், தம் கணவரின் இடம் எனப் பெரும் வண்ணப் பரப்புகளாக இழந்த நீர்களை வரைந்தார். 2015-இல் அவர் மறைந்தார். 2022-இல் பாரிஸ் நகரில் அவர் ஓவியங்கள் பெருங்காட்சியாக வைக்கப்பட்டன. அருவ ஓவியம் என்று அங்கே பாராட்டப்பட்டவை, அவருக்கு முகவரிகள்.

இவ்விடத்தில் கசப்பான செய்தி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஜானி வாரங்குலாவின் 'கலிபின்பாவில் நீர்' ஓவியம் 1997-இல் ஏலத்தில் 2,06,000 ஆஸ்திரேலிய டாலருக்கு விற்றது. 2000-இல் அதே ஓவியம் 4,86,500 டாலருக்குக் கைமாறியது. வரைந்தவருக்கு 1972-இல் கிடைத்தது 150 டாலர் அளவே என்று அப்போது செய்திகள் வெளிவந்தன. முதுமையிலும் வறுமையிலும் இருந்த அவர் 2001-இல் காலமானார். மறுவிற்பனையில் ஓவியருக்கு 5 விழுக்காடு தரவேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஜூனில். நீரின் பெயர் அறிந்தவரை விட்டுவிட்டு நீரின் படத்தை மட்டும் எடுத்துச் சென்றால் நேர்வது இதுவே. சங்கிலியிட்டு நடத்திச் சென்று நீரைக் காட்டச் செய்ததும், படத்தை வாங்கிச் சென்று வரைந்தவரை மறந்ததும் அளவில் பெரிதும் வேறுபட்டவை. ஆனால் இரண்டும் அறிவை அறிந்தவரிடமிருந்து பிரித்தெடுக்கும் செயல்களே.

உரிமை கிடைத்த இடத்திலும் நீர் கிடைத்துவிடுவதில்லை. நியூ சௌத் வேல்ஸ் மாநிலத்தில் டார்லிங் ஆற்றைத் தம் மொழியில் 'பார்கா' என்றழைக்கும் பார்கிஞ்ஜி மக்களுக்கு 2015-இல் நிலவுரிமை ஏற்கப்பட்டது. ஆனால் மேல்நிலத்தில் பாசனத்துக்கு எடுத்ததுபோக ஆற்றில் எவ்வளவு நீர் ஓடும் என்பதை அத்தீர்ப்பு உறுதி செய்யவில்லை. 2018-19 கோடையிலும் 2023 மார்ச்சிலும் மெனிண்டி அருகே மீன்கள் இலட்சக்கணக்கில் செத்து மிதந்தன. பார்கிஞ்ஜி ஓவியர் பேட்ஜர் பேட்ஸ் லினோலியத் தகட்டில் செதுக்கி அச்சிடும் படங்களில், ஆற்றை உண்டாக்கிய 'ஙாஜி' எனும் வானவில் நாகம் மீன்களோடும் பறவைகளோடும் பின்னிக்கிடக்கிறது. வற்றும் ஆற்றின் கரையில் இருந்துகொண்டு நிறைந்த ஆற்றை வரைவது, தராத நீரைக் கேட்கும் கோரிக்கையாகிறது.

தொகுத்து நோக்கினால், இக்கலை மரபில் நீர் மூன்று நிலைகளில் நிற்கிறது. உயிர் காக்கும் அறிவாக முதலில் நிற்கிறது. முன்னோர் உறையும் இடமாக அடுத்து நிற்கிறது. உரிமையின் சான்றாக இறுதியில் நிற்கிறது. இவற்றுள் ஒன்றை நீக்கினாலும் மற்றவை நிலைக்கமாட்டா. அழகு இவற்றிலிருந்து பிறக்கிறது. அழகை மட்டும் தனியே பிரித்து ரசிப்போர், பாட்டை விட்டுவிட்டுப் பண்ணை மட்டும் கேட்போர் போன்றவர்.

சொல்லை ஆள்வோர்க்கு இம்மரபு ஒரு கேள்வியை விட்டுச் செல்கிறது. அம்மக்களிடையே எவரும் பொதுவாக 'நீர்' என்று வரைவதில்லை. எப்போதும் ஒரு குறிப்பிட்ட நீர், பெயருள்ள நீர், வரைபவர் பொறுப்பேற்கும் நீர். தமக்கு உரிமையில்லாத நீரை, அது எவ்வளவு அழகாயினும், அவர்கள் தொடுவதில்லை. கவிதையில் ஆறென்றும் மழையென்றும் கடலென்றும் எழுதும் கை, அது எந்த ஆறு, அதன் பெயர் என்ன, அதைப் பற்றிச் சொல்லத் தனக்குள்ள உறவு என்ன என்று தன்னைக் கேட்டுக்கொண்டால், சொற்கள் குறையலாம். எஞ்சும் சொற்களில் நீர் ஊறும்.

பாலையை நடந்து அறிந்த தலைமுறை ஏறத்தாழ முடிந்துவிட்டது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வாகனங்களில் நெடுந்தொலைவு பயணம் செய்து, புதர் மூடிய ஜிலாக்களைத் தேடிக் கண்டு, தூர் எடுத்து, பெயர் சொல்லிக் குரல் கொடுக்கின்றனர். வழி தப்பும்போது அவர்களுக்குத் துணையாவன தாத்தாவும் பாட்டியும் வரைந்து வைத்த வட்டங்கள். பெயர் சொல்லி அழைக்க ஆள் இருக்கும்வரை அந்நீர் தன் மக்களை மறவாது என்பது அவர்களது நம்பிக்கை.